அந்தக் கடலை எங்கே போயிற்று?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. நான்கு மாதங்களில் மூன்று முறை நிமோனியா வந்துவிட்டது. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியிலேயே நிழல். என் அப்பாவுக்கு ஆஸ்துமா என்பதால், இது என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்கிறார் மாமியார். தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தீபாவளியன்று மாமியார் கொடுத்த வறுத்த கடலை புரையேறித் திணறினான். முதுகில் தட்டியதும் சரியாகிவிட்டது. சண்டை எதற்கென்று அதை டாக்டரிடம் சொல்லவில்லை. இது பரம்பரை நோயா?

பதில்: பரம்பரையை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கடலை வெளியே வந்து விழுந்ததை யாராவது பார்த்தீர்களா?

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டிப் பழகியவர்கள் நாம். கடலை மூச்சுக்குழாய்க்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாலும் இருமல் அடங்கும். பிறகுதான் காய்ச்சல், சளி எல்லாம். வலப்பக்கக் குழாய் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போகும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அடைப்பால் வரும் நிழல்தான் தெரியும்.

காசநோயால் வீங்கிய நெறிக்கட்டி குழாயை அழுத்தினாலும், பிறவியிலேயே நுரையீரலில் குறை இருந்தாலும் ஒரே இடத்தில் நிழல் வரலாம். அவற்றையும் டாக்டர் பார்ப்பார். ஆனால் எதை முதலில் தேடுவது என்பது நீங்கள் சொல்வதைப் பொறுத்தது. நீங்கள் சொல்லாததால் பிள்ளை மூன்று முறை மருந்து குடித்திருக்கிறான்.

சண்டை எதற்கென்றா? வீட்டு அமைதிக்குப் பிள்ளையின் நுரையீரலையா விலையாகக் கொடுப்பது? டாக்டர் முன் வாயை மூடிக்கொள்வது மருமகளின் கடமை என்று எந்த வீட்டுப் பெரியவர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். அதே சமயம், மாமியாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். பாட்டி ஆசையாகக் கொடுத்தார், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் திணறினான், முகம் நீலமானதா என்று சொல்லக்கூடிய சாட்சியும் அவர்தான்.

பிராங்கோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கடலை இருந்தால் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் நெஞ்சைக் கிழிக்க வேண்டியிருக்காது. நாள் கடந்தால் அடைபட்ட மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சிதைந்து, சீழும் இருமலும் பிள்ளையோடு தங்கிவிடலாம். மூச்சு வாங்கினாலோ உதடு நீலமானாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தயிரை மறுபடி கொடுங்கள். முழுக் கடலை ஐந்து வயதுவரை வேண்டாம். மூன்று எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையே கிளம்புங்கள்.