மார்த்தாண்டம் பட்டிமன்றமும் சோவியத் ஸ்டாலினும்

மார்த்தாண்டம் பட்டிமன்றத்தில் எதிரணி 'ஸ்டாலின்தானே நாட்டை முன்னேற்றினார்' என்றதும் தடுமாறிவிட்டதாகவும், அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்டாலின் ஆட்சியில் சோவியத் நாட்டில் ஆலைகள் வந்ததை மறுக்காதீர்கள். அதற்கு அத்தனை சாவு தேவைப்பட்டதா என்று திருப்பிக் கேளுங்கள். நீங்கள் தடுமாறியதற்குக் காரணம், எதிரணி அந்தக் காலத்தில் கட்டிய நீப்பர் ஆற்று அணையையும் மாக்னிதோகோர்ஸ்க் நகரின் உருக்காலையையும் மட்டும் கணக்கில் எடுத்ததுதான் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு சாதனையையும் இப்படி உரசிப் பாருங்கள்: இந்த உயிர்கள் போகாமல் இது வந்திருக்காதா? 1931-33இல் ரஷ்யாவின் வடக்கில் வெண்கடல் கால்வாயைக் கைதிகள் கடப்பாரையும் மரத் தள்ளுவண்டியுமாக வெட்டினார்கள், செத்தும் போனார்கள். கடைசியில் ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் அதில் போக முடியவில்லை! இன்னொன்று, அதே காலத்துப் பஞ்சம். உக்ரைனிலும் கசகஸ்தானிலும் பல லட்சம் பேர் பட்டினியில் மடிந்தபோதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: சாவு எண்ணிக்கையில் ஆய்வாளர்களிடையே வேறுபாடு உண்டு. ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கினால் விவாதம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.