அந்தக் கடிதத்தை வாங்காதீர்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 32, வருகிற தையில் 33 ஆகிறது. 2018இல் பேராதனையில் சிவில் இஞ்சினியரிங் முடித்தேன். இதுவரை ஏழு வருடம் வேலை செய்திருக்கிறேன். முதல் இரண்டரை வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில், மிச்சம் இப்போது இருக்கும் இடத்தில். முதல் நிறுவனம் 2022 நெருக்கடியில் மூடிவிட்டது. அனுபவக் கடிதம் வாங்கி வைக்கவில்லை. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துக்கு 6, மற்ற மூன்றுக்கும் 7க்கு மேல். அவுஸ்திரேலியா போக விருப்பம். காலி வீதியில் ஓர் ஏஜென்சி, மூடிய கம்பெனியின் கடிதத்தைத் தாங்களே செய்து தருவதாகச் சொல்கிறது. இல்லையென்றால் 35 லட்சத்துக்கு இங்கிலாந்தில் முதியோர், நோயாளரைப் பராமரிக்கும் கெயார் வேலைக்கு ஸ்பொன்சர் எடுத்துத் தருவார்களாம். அம்மா கலியாணம் பேசுகிறார். அவுஸ்திரேலிய விசாவின் புள்ளிக் கணக்கில் தனி ஆளுக்குப் 10 புள்ளி இருப்பதால் அதைத் தள்ளிப்போடு என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். எனக்குத் தகுதி இருக்கிறதா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த 35 லட்சத்தைப் பேசிவிடுவோம். கெயார் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. கொழும்பில் இருக்கும் உங்களுக்கு அந்த வழி இல்லை, யாருக்குக் காசு கட்டினாலும் இல்லை. இஞ்சினியராக அங்கே போகலாம். அதற்கு அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்று உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும், சம்பளமும் பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண் அல்லது அந்தத் தொழிலுக்கென்று வகுத்த தொகை, இரண்டில் எது கூடவோ அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. ஸ்பொன்சர் சான்றிதழின் செலவை ஊழியரின் தலையில் கட்டுவதற்கும் அங்கே தடை இருக்கிறது. அந்த ஏஜென்சிக்கு இங்கே உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். இலக்கம் 1989.

சரி, அவுஸ்திரேலியா. ஒரு கடதாசியை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, பட்டத்துக்கு 15, அவுஸ்திரேலியாவுக்கு வெளியே ஐந்து முதல் ஏழு வருட அனுபவத்துக்கு 10, தனி ஆளுக்கு 10. உங்கள் ஆங்கிலம் அடிப்படைத் தேவைக்குப் போதும், ஆனால் புள்ளி கிடையாது. கூட்டினால் 65. விசாவுக்கு என்னை அழையுங்கள் என்று முதலில் போடும் விருப்ப விண்ணப்பத்துக்கான ஆகக் குறைந்த புள்ளியும் 65தான். ஆகவே தகுதி இருக்கிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள்.

அதனால்தான் அந்த இரண்டரை வருடம் இவ்வளவு முக்கியமாகிறது. அதை நிரூபிக்க முடியாவிட்டால் அனுபவம் நாலரை வருடமாகி, 10 புள்ளி 5 ஆகும். மொத்தம் 60, வேறு வழியில் புள்ளி சேர்க்காவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது. கள்ளக் கடிதத்தின் மேல் ஏன் கண் போகிறது என்று எனக்கு விளங்குகிறது. நீங்கள் உண்மையாகவே வெயிலில் நின்று செய்த வேலை அது. கடதாசி மட்டும்தான் இல்லை. ஆனாலும் வேண்டாம். பொய்யான ஆவணம் என்று கண்டுபிடித்தால் விசாவை மறுப்பார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் பெரும்பாலான விசாக்களுக்கு வழி அடைபடும். அப்போது உங்களுக்கு வயது 36. உண்மையான நாலரை வருடமும் அந்தப் பொய்யோடு சேர்ந்து வீணாகும்.

உண்மையான வேலைக்கு உண்மையான தடயம் இருக்கும். அந்தக் கம்பெனி உங்களுக்கு ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டியதா? சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் கம்பெனியின் 12 வீதமும் மாதாமாதம் உங்கள் பெயரில் ஏறியிருக்க வேண்டும். கம்பெனி மூடினாலும் அந்தக் கணக்கு மூடாது, அது மத்திய வங்கியில் இருக்கிறது. அடையாள அட்டையையும் உறுப்பினர் இலக்கத்தையும் கொண்டுபோய் பங்களிப்பு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தில் வெட்டிவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

அப்புறம், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கின் அந்தக் காலத்துக் கூற்று. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, சைட்டிலிருந்து அனுப்பிய பழைய மின்னஞ்சல் என்று வீட்டில் எது கிடந்தாலும் எடுத்து வையுங்கள். உங்களுக்கு மேலே இருந்த இஞ்சினியரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினமான வேலை, ஆனால் அதைச் செய்தே ஆகவேண்டும். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று அவர் தன் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். கம்பெனி மூடியதையும் அதில் அப்படியே சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் கொடுக்கும் சத்தியக்கடதாசியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஈபிஎஃப் விவரமும் வங்கிக் கூற்றும் பக்கத்தில் இருந்தால்தான் அதற்குப் பெறுமதி.

இனி ஆங்கிலம். நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10 புள்ளி, நான்கிலும் 8 எடுத்தால் 20. உங்களை இழுப்பது எழுத்து ஒன்றுதான். நாள் முழுக்க அளவும் கணக்கும் எழுதும் கை, ஒரு கருத்தை 250 சொல்லில் விரித்து எழுதிப் பழகியிருக்காது. இரண்டு மாதம் தினமும் 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதி, திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஏஜென்சிக்குக் கொடுக்க நினைத்த காசில் ஒரு சிறு துண்டு ஒரு நல்ல ரியூசன் ஆசிரியருக்குப் போதும். தைக்கு முன் இதை முடிக்கப் பாருங்கள். 33 ஆனதும் வயதுப் புள்ளி 25 ஆகும், அழைப்பு வரும் நாளில் இருக்கும் வயதைத்தான் பார்ப்பார்கள். தை தாண்டிப் போனாலும் எழுத்தில் 7 வந்துவிட்டால் நீங்கள் 70இல் நிற்பீர்கள்.

தமிழும் உதவும். நாட்டி என்ற அவுஸ்திரேலிய மொழிபெயர்ப்புத் தரச் சபை நடத்தும் சிசிஎல் என்ற மொழிப் பரீட்சையில் தமிழ் இருக்கிறது. வைத்தியர், வங்கி போன்ற இடங்களில் நடக்கும் இரண்டு உரையாடல்களை இரு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63 எடுத்தால் 5 புள்ளி, ஒவ்வோர் உரையாடலிலும் 29க்குக் குறையக் கூடாது. அவுஸ்திரேலிய மாநிலம் ஒன்று உங்களைப் பரிந்துரைத்தால் 190 என்ற விசாவில் இன்னும் 5. பெருநகரத்துக்கு வெளியே பிராந்தியப் பகுதியில் வாழச் சம்மதித்து, அதற்கான பரிந்துரையும் கிடைத்தால் 491 என்ற விசாவில் 15. அது ஐந்து வருடத் தற்காலிக விசா.

விருப்ப விண்ணப்பத்துக்கு முன் எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா என்ற அங்குள்ள பொறியியலாளர் அமைப்பின் திறன் மதிப்பீடு வேண்டும். நாடுகள் ஒன்றின் இஞ்சினியரிங் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் இலங்கை இருக்கிறது. உங்கள் பட்டமும் முடித்த வருடமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேலை பாதியாகக் குறையும். விருப்ப விண்ணப்பம் இலவசம். அழைப்பு வந்தால் 60 நாளில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கலியாண விசயம். வரப்போகும் பெண்ணுக்கு ஆங்கிலப் பரீட்சையில் நான்கிலும் 6 இருந்தால் 5 புள்ளி. அவருக்கும் தகுந்த தொழிலும் திறன் மதிப்பீடும் இருந்தால் முழு 10. ஆகக் கூடினால் 10 புள்ளியை இழப்பீர்கள், எழுத்தில் 7 எடுத்தால் அது திரும்பி வந்துவிடும். நல்ல இடம் வந்தால் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். பெண் வீட்டாரிடமும் இந்த விசாக் கதையை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.