மாமாவுக்கு எந்த எல்பி?

கேள்வி: அக்கா கணவருக்கு அடுத்த மாதம் ஐம்பதாவது பிறந்தநாள். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழு மீது பைத்தியம். புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறார், இசைத்தட்டு (எல்பி) ஒன்றுகூட இல்லை. என் பட்ஜெட்டுக்கு ஒரு எல்பிதான் வாங்க முடியும். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வாங்கலாமா, 'விஷ் யு வேர் ஹியர்' வாங்கலாமா? 180 கிராம் தட்டு என்றால் சத்தம் பிரமாதமாக இருக்கும் என்று கடைக்காரர் கூடுதல் விலை சொல்கிறார். உண்மையா?

பதில்: கிராம் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 180 கிராம் என்பது தட்டின் எடை. கையில் எடுத்தால் கனமாக, கெட்டியாக இருக்கும். மற்றபடி சத்தம் நன்றாக இருப்பதும் சொதப்புவதும் எந்த மாஸ்டர் டேப்பிலிருந்து (மூல ஒலிப்பதிவு நாடா) எடுத்தார்கள், எவ்வளவு சுத்தமாக அச்சிட்டார்கள் என்பதில் இருக்கிறது. எடைக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

'டார்க் சைட்' 1973-இல் வந்தது. 1988 வரை அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஆல்பங்களின் பில்போர்டு பட்டியலில் 741 வாரம் இருந்த ஆல்பம். யாருக்கு வாங்கிக் கொடுத்தாலும் தப்பாகாது. ஆனால் அதனாலேயே உங்கள் மாமாவுக்கு அதை இன்னொருவரும் வாங்கி வருவார்!

என் ஓட்டு 1975-இல் வந்த 'விஷ் யு வேர் ஹியர்' பக்கம். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட், மனநிலை குலைந்து 1968-இல் விலக நேர்ந்தது. அவர் இல்லாத வெறுமைதான் இந்த ஆல்பத்தின் அடிநாதம். அபே ரோடு ஸ்டூடியோவில் இதற்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த பருத்த ஆள் ஒருவர் உள்ளே வந்து நின்றார். அது சிட்தான் என்று நண்பர்களுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

அவரை நினைத்து எழுதிய 'ஷைன் ஆன் யு கிரேஸி டயமண்ட்' ஒன்பது பகுதிகள் கொண்டது. முதல் ஐந்தும் தட்டின் முதல் பக்கத்தைத் தொடங்கிவைக்கின்றன, மீதி நான்கும் இரண்டாம் பக்கத்தை முடித்துவைக்கின்றன. நடுவே எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்தச் சின்ன வேலைக்காகவே இதை எல்பியில் கேட்க வேண்டும் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் பக்கத்தில் 'விஷ் யு வேர் ஹியர்' பாட்டு ரேடியோ ஸ்டேஷன் திருகும் இரைச்சலோடு ஆரம்பிக்கும். எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல மெலிதாக ஒரு கிடார் கேட்கும். யாரோ இருமுவார். அப்புறம்தான் இன்னொரு கிடார் காதருகே வந்து சேரும். தட்டில் கோளாறு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நான் முதல்முறை ஊசியை மூன்று தடவை துடைத்தேன்.

பழைய தட்டு என்றால் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். நகம் தட்டுப்படும் கீறல் இருந்தால் வேண்டாம். லேசான மயிரிழைக் கோடுகள் பரவாயில்லை. 1975-இல் இந்த ஆல்பத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். பிரித்தவர்கள் பெரும்பாலும் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். அது இல்லாமலே 'ஒரிஜினல்' என்று யாராவது ஏகப்பட்ட விலை சொன்னால் பேரம் பேசுங்கள்.

புதிது என்றால், சீல் உடைக்காதவரை மாற்றித் தருவார்களா என்று கேட்டு, அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு போன். மாமா ஏற்கெனவே ஆன்லைனில் ஆர்டர் போட்டிருக்கலாம்.