வீட்டில் வளரும் நாயையே உதவி நாயாகப் பழக்கலாமா?

கேள்வி: முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன், விரல்களிலும் பிடிமானம் குறைவு. போனும் சாவியும் நாளெல்லாம் கீழே விழுகின்றன. வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் இருக்கிறாள். பொருளை எடுத்துக் கொடுக்கவும் கதவைத் திறக்கவும் அவளையே பழக்க முடியுமா? தம்பி, தானே பழக்கித் தருவதாகச் சொல்கிறான்.

பதில்: தாராளமாகப் பழக்கலாம். இரண்டு வயது நல்ல வயதுதான், குட்டித்தனம் கொஞ்சம் அடங்கியிருக்கும், எலும்பு வளர்ச்சியும் முடிந்திருக்கும். ஆனால் பழக்குவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். யார் கையிலிருந்து தின்பண்டம் வருகிறதோ அவருடைய குரலையும் அசைவையும்தான் நாய் படித்து வைத்துக்கொள்ளும். தம்பி நின்றுகொண்டு கையை வீசிக் காட்டுகிற சைகையை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து காட்ட முடியாது, அப்புறம் அவர் இல்லாத நேரத்தில் அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தம்பி பக்கத்தில் இருந்து பொருளை எடுத்து வைக்கட்டும், தின்பண்டத்தை நிரப்பட்டும், அது பெரிய உதவி. வெளியே எங்கோ மாதக்கணக்கில் விட்டுப் பழக்கி வாங்குவதிலும் இதே சிக்கல்தான். அதைவிட வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொல்லித் தருகிற பயிற்சியாளர் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்தை இறுக்கும் பட்டை, ஷாக் கொடுக்கும் பட்டை என்று பேச ஆரம்பிப்பவர் வேண்டவே வேண்டாம்.

விரல் பிடிமானம் இல்லாததற்கு வழி இருக்கிறது. நாய் சரியாகச் செய்த நொடியில் அழுத்தி 'டிக்' என்று சத்தம் எழுப்புகிற சின்னக் கருவியான கிளிக்கரை அழுத்த முடியாவிட்டால் நாக்கால் ஒரு 'டக்' சத்தம் போதும், இல்லை "சபாஷ்" என்று ஒரே மாதிரி சொல்லுங்கள், சொன்ன உடனே தின்பண்டம் போக வேண்டும். மடியில் ஒரு தட்டை வைத்து அதில் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு, கையின் பக்கவாட்டால் ஒன்றைத் தள்ளிவிட்டால் ஆயிற்று.

ஆரம்பிக்கும் முன் அவள் சுபாவத்தைப் பாருங்கள். கொஞ்சம் தூரத்தில் யாரையாவது ஒரு தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். திடுக்கிடுவதில் தவறில்லை, சில நொடிகளில் தேறி, என்னவென்று முகர வருகிறாளா என்பதுதான் விஷயம். நெடுநேரம் ஒளிந்து கிடக்கிற நாயையோ, சாப்பாட்டுக்கும் பொம்மைக்கும் உறுமுகிற நாயையோ இந்த வேலைக்குள் தள்ளாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் இடுப்பு, முழங்கை மூட்டுகளையும் பார்த்துவிடுங்கள், லாப்ரடார்களுக்கு அங்கே கோளாறு வருவது சகஜம். நாற்காலியை இழுப்பது, நீங்கள் எழும்போது பாரம் தாங்குவது போன்றவற்றை மட்டும் நீங்களாகத் தொடங்கவே கூடாது.

பொருள் எடுப்பதைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். முதலில் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி உங்கள் மடிக்கு மேலேயே நீட்டி, அவள் வாயில் கவ்வி ஒரு நொடி வைத்திருந்தால் பரிசு. பிறகு மூன்று நொடி. அப்புறம் மடியில் போடுவது, அடுத்து பாதத்தட்டிலிருந்து எடுப்பது, கடைசியாகத்தான் தரையிலிருந்து. வழியில் அவள் காலடியில் போட்டுவிட்டால் குனிந்து எடுத்துவிடாதீர்கள், தம்பியும் எடுக்கக் கூடாது. மடிக்கு வந்தால்தான் பரிசு என்று அவளுக்குப் புரிகிறவரை பொறுமையாகக் காத்திருங்கள், இந்த ஒரு இடத்தில் தளர்ந்தால் பாதி வழியில் போடுவதே பழக்கமாகிவிடும். பல நாய்களுக்குப் பல்லில் உலோகம் படுவது பிடிக்காது, அதனால் சாவிக்கொத்தில் தடிமனான துணி நாடாவைக் கட்டிவிடுங்கள், போனுக்கும் கவ்வ வசதியாக ஒரு வார் போடுங்கள். மாத்திரை எடுத்துவரப் பழக்கினால் மூடி இறுகிய டப்பாவில்தான், ஏனென்றால் மனிதர்களுக்கான வலி மாத்திரைகளில் பலவும் நாய்க்கு நஞ்சு.

கதவு இதைவிட எளிது. கயிறு இழுக்கிற விளையாட்டு வந்துவிட்டால் அதே கயிற்றைக் கைப்பிடியில் கட்டுங்கள். சாத்துவதற்கு உங்கள் உள்ளங்கையை மூக்கால் தொடச் சொல்லிக்கொடுத்து, பிறகு ஒட்டும் காகிதத்தைத் தொடவைத்து, அந்தக் காகிதத்தைக் கதவில் ஒட்டலாம். நாற்காலி திரும்பும்போது அவள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள், சக்கரத்தில் ஒருமுறை வால் மாட்டினால் நாற்காலி என்றாலே பயம் வந்துவிடும்.

ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும், ஒரு நாளில் சில தடவை. கூடத்தில் கற்றதைச் சமையலறையில் செய்யாவிட்டால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், இடம் மாறினால் நாய்க்கு அது புதுப் பாடம், இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஏடிபி பரிந்துரைத்து வந்திருக்கும் குறைந்தபட்சம் 6 மாதத்தில் 120 மணி நேரம், அதில் 30 மணி நேரம் பொது இடங்களில்.

பொது இடம் என்றதும் சட்டம் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமையாளரே பழக்கிய நாயையும் ஏற்கிறது. வேறு சில நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் தேர்வில் தேறியாக வேண்டும். உங்கள் ஊர் விதியை முன்கூட்டியே விசாரியுங்கள், இணையத்தில் காசுக்குக் கிடைக்கும் மேலங்கியும் அடையாள அட்டையும் எந்த உரிமையும் தராது. வெளியே கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறாள் என்றால் வீட்டுக்குள் மட்டும் உதவட்டும், போனை எடுத்துக் கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பயிற்சியின்போது தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அவள் சோர்ந்துவிட்டதைச் சொல்கிற அறிகுறிகள். அங்கேயே நிறுத்தி, அவளுக்கு நன்றாக வருகிற ஏதாவது ஒன்றைச் செய்யவைத்துப் பரிசு கொடுத்து விளையாட விட்டுவிடுங்கள்.