கபரகொய்யாவின் பெரிய உறவு

கேள்வி: கண்டி வாவிக்கரையில் வெயில் காய்ந்த கபரகொய்யா என்னும் நீருடும்பைப் பார்த்த என் மகள், இதைவிடப் பெரிய பல்லியினம் இருந்ததா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
- வாசகி ஒருவர், ஹற்றன்.

பதில்: இருந்தது, அம்மா. ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த அந்தப் பேருடும்புக்கு மெகலானியா என்று 1859இல் பெயரிட்டவர் ரிச்சர்ட் ஓவன். முழு எலும்புக்கூடு கிடைக்காததால், முதுகெலும்புத் துண்டுகள் போன்றவற்றைக் கொண்டே கணக்கிடும் ஆய்வாளர்களுள் சிலர் அதன் நீளம் 3.5 மீற்றர் என்றும், சிலர் 7 மீற்றர் என்றும் கூறுகின்றனர். பின்னது சற்று ஆசைக்கணக்கு என்பதே எமது எண்ணம். இன்றைய கொமோடோ உடும்பு 3 மீற்றரைத் தொடும். கபரகொய்யா உட்பட இவை யாவும் வரானஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அடுத்த முறை கபரகொய்யாவின் நாக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள்: பாம்பின் நாக்கைப் போல இரண்டாகப் பிளந்த அது, காற்றிலுள்ள வாசனைத் துகள்களை அள்ளி மேலண்ணத்து உறுப்பிடம் சேர்க்கிறது, மெகலானியாவும் அவ்வாறே இரை தேடியிருக்க வேண்டும்.