21 நாட்களில் ஹெரோயினை விட்டுவிடலாமா?

வடமராட்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "எனது 24 வயது மகன் இரண்டு வருடமாகத் தூள் (ஹெரோயின்) பாவிக்கிறான். தென்பகுதியில் உள்ள ஒரு நிலையத்தில் 21 நாட்களில் முற்றாகச் சுகப்படுத்தித் தருவதாக வீடு தேடி வந்த ஒருவர் சொல்கிறார். மூன்று இலட்சம் ரூபாய், பாதி முற்பணம். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பத் தயார். சேர்க்கலாமா?"

அம்மா, முற்பணத்தைக் கொடுக்க வேண்டாம். தூளை நிறுத்தியதும் வரும் உடலுளைவு, வயிற்றோட்டம், நித்திரையின்மை ஆகியவை எங்கே இருந்தாலும் பெரும்பாலும் ஒரு கிழமையளவில் தணிந்துவிடும். அந்தத் தணிவைத்தான் இவர்கள் 'சுகம்' என்று விற்கிறார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது மகன் வீடு திரும்பிய பின் வரும் நாட்களுக்கே. தொடர்ந்து பாவிப்பவரின் உடல் ஓர் அளவைத் தாங்கப் பழகியிருக்கும்; சில கிழமைகள் விட்டிருந்தால் அந்தத் தாங்குதிறன் போய்விடும், ஆசை போகாது. பழைய அளவை ஒரேயொரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு கிழமைகளில் அவர்கள் அளவுமீறிய போதையால் இறக்கும் ஆபத்து ஏனைய மக்களைவிட 129 மடங்காக இருந்தது. பூட்டிய நிலையத்திலிருந்து வருபவரின் உடலும் அதே நிலையில்தான் இருக்கும்.

சுவீடனில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்றை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். ஹெரோயினுக்கு அடிமையான 40 பேரில் பாதிப் பேருக்கு, ஹெரோயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் புப்ரினோர்பின் என்ற குளிசை ஒரு வருடம் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. மறுபாதியினருக்கு அதையே ஆறு நாட்களில் குறைத்து நிறுத்தி, பின்னர் மருந்தில்லாத வெறுங்குளிசை கொடுக்கப்பட்டது. ஆலோசனை இரு பகுதியினருக்கும் ஒன்றுதான். வருட முடிவில் மருந்து பெற்ற 20 பேரில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றப் பகுதியில் ஒருவர்கூட இல்லை, நான்கு பேர் இறந்திருந்தார்கள். புப்ரினோர்பினும் அதேபோன்ற மாற்று மருந்தான மெதடோனும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005இலேயே சேர்க்கப்பட்டவை. அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு அவை எளிதிற் கிடைப்பதில்லை. இந்த வெற்றிடத்தில்தான் தரகர்கள் வளர்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் வைத்தியரின் பெயரையும் நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தையும் கேளுங்கள். போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை பற்றிய, இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி இத்தகைய நிலையங்களுக்கு அனுமதி வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். "ஒரே ஊசியில் ஆசை போய்விடும்", "முதல் மாதம் பார்க்க வரக்கூடாது", "அடித்துத்தான் திருத்த வேண்டும்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன; அங்கே காசு கேட்கமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மகன் பாவிப்பது தூள்தானா, ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமினா, இரண்டுமா என்று முதலில் அறியுங்கள். மேலே சொன்ன மருந்துகள் ஹெரோயின் போன்ற அபின் வகைக்கே உரியவை. ஐஸ் வேறு இனம். அது நித்திரையைக் கெடுத்து, சந்தேகமும் ஆவேசமும் உண்டாக்கும். அதற்கு இதுபோன்ற மாற்றுக் குளிசை இல்லை, உளவளச் சிகிச்சையே முதன்மையானது. பகலிலும் தூங்கி வழிகிறானா, நாட்கணக்கில் தூங்காமல் திரிகிறானா என்பதைக் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டையும் பாவிப்பவருக்கு இரண்டுக்கும் சிகிச்சை வேண்டும். தூளோடு பிரிகபலின் என்ற நரம்பு வலிக் குளிசை, நித்திரைக் குளிசை, சாராயம் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் மூச்சு நிற்கும் ஆபத்துக் கூடும்.

தட்டியும் எழும்பாமல், குறட்டைபோல் இழுத்து மூச்சுவிட்டு, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துக் கிடத்துங்கள். நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். மூச்சைத் திருப்பும் நலோக்சோன் மருந்தை, தூள் பாவிப்பவர்களின் குடும்பங்களிடமே கொடுத்துவைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. இங்கே அதற்காக இன்னும் வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. பொலிசுக்குப் பயந்து, என்ன எடுத்தான் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். நலோக்சோனின் பலன் ஒரு மணித்தியாலமளவில் தீர்ந்து, உடலில் எஞ்சிய தூள் மறுபடி மூச்சை அடக்கக்கூடும். ஆகவே மகன் கண் விழித்தவுடன் வைத்தியசாலையில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டாம்.