தொடங்கிய இடம் கருப்பையா, கருப்பை வாயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டதால் டி அண்ட் சி (கருப்பை வாயை விரித்து உட்சவ்வைச் சுரண்டித் திசு எடுப்பது) செய்தார்கள். கருப்பையின் உட்சவ்வில் எடுத்த திசுவிலும், கருப்பை வாயில் எடுத்த பயாப்சியிலும் செதிள் செல் (தட்டையான மேற்பரப்புச் செல்) புற்று இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. எங்கே தொடங்கியது என்பதை உறுதி செய்த பிறகே சிகிச்சை என்கிறார்கள். தாமதம் ஏன்? மேலே பரவியிருந்தால் நோய் முற்றிவிட்டதாகப் பொருளா?

- ஒரு வாசகி

பதில்: உங்களை அதிகம் வருத்துவது இரண்டாவது கேள்விதான் என்பதால் அதற்கே முதலில் வருகிறேன். கருப்பை வாய்ப் புற்றின் நிலையைக் கணிக்க உலகெங்கும் பின்பற்றப்படும் ஃபிகோ (சர்வதேச மகளிர் நோயியல், மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு) முறையில், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திலும்கூட, புற்று கருப்பைக்குள் மேலேறியிருப்பது கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. கட்டியின் அளவு, பக்கவாட்டுத் திசுக்கள், யோனி, நிணநீர்க் கணுக்கள், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றை நோய் தொட்டிருக்கிறதா என்பவையே நிலையைத் தீர்மானிக்கும். ஆனால் கதிர்வீச்சு எதுவரை செல்ல வேண்டும் என்று திட்டமிடுவதற்கு, மேலேறிய அளவு மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம், சிகிச்சையே மாறிவிடும் என்பதுதான். கருப்பையில் தொடங்கிய புற்றுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை முதலில் வரும். கருப்பை வாயில் தொடங்கிப் பக்கத் திசுக்களுக்குப் பரவியிருந்தால் கதிர்வீச்சும் அதனுடன் சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தும் தரப்படும்.

உட்சவ்வு இயல்பில் சுரப்பிச் செல்களால் ஆனது. செதிள் செல் புற்று அங்கேயே தொடங்குவது மிக அரிது. கருப்பை வாயிலும் அதே புற்று இருக்கும்போது, கீழிருந்து ஏறியது என்றே முதலில் கருத வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சுரண்டும் கருவி கருப்பை வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது; வழியில் உள்ள புற்றுத் துணுக்குகள் மேலிருந்து எடுத்த திசுவோடு கலந்துவிடலாம். ஆகவேதான் கருப்பை வாயின் உட்பாதையை முதலில் சுரண்டித் தனிக் குப்பியிலும், பிறகு உட்சவ்வைச் சுரண்டி வேறு குப்பியிலும் அனுப்புவது முறை. அம்மாவுக்கு அப்படிச் செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். புற்றுச் செல்கள் தனியே மிதக்கின்றனவா, உட்சவ்வின் சுரப்பிகளோடு ஒட்டி வளர்ந்திருக்கின்றனவா என்பதை நோய்க்கூறியல் நிபுணர் நுண்ணோக்கியில் பிரித்தறிய முயல்வார். இரண்டு மாதிரிகளையும் ஒரே நிபுணர் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கட்டியின் மையம் எங்கே என்பதைக் காட்டும். ஆனால் புற்று மெல்லிய படலம்போல் உட்சவ்வின் மேல் மட்டும் படர்ந்திருந்தால் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அரிதான அந்நிலையில் திசுவே சாட்சி. சுரப்பிச் செல் புற்றாக இருந்திருந்தால் குழப்பம் இன்னும் கூடியிருக்கும். பி16 என்ற புரதம், ஹார்மோன் ஏற்பிகள், கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் எனப் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர முடியும்.

இந்தச் சில நாள் காத்திருப்பு வீணல்ல. ஆனால் கருப்பை வாய் அடைபட்டால் உள்ளே சீழ் தேங்கக்கூடும். காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினாலோ, ரத்தப்போக்கு அதிகரித்தாலோ, அறிக்கைக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.